கடல் சாமந்திக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

சங்கத்துப் பொங்கல் விழாவில் அன்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், பேரன் உப்புநீர்த் தொட்டியில் கோமாளி மீனும் கடல் சாமந்தியும் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். சாதாரண விளக்கு போதுமா?" என்றார். நின்றபடி சொல்லக்கூடிய பதிலில்லை, ஆகவே எழுதுகிறேன்.

சீ அனிமனி எனப்படும் கடல் சாமந்தி பூவல்ல, பிராணி. பாறையில் ஒட்டிக்கொண்டு, கொட்டும் இழைகளால் இரை பிடிக்கும். ஆனால் கோமாளி மீனுக்கு இடம் கொடுக்கும் வகைகளின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கு சாமந்திக்குத்தான். ஆக, தொட்டி விளக்கு அதற்கு அலங்காரமல்ல, அடுப்பு.

இதை அறியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற புதிதில், நாக்பூர் வீட்டில், 18 அங்குல ஆழத் தொட்டிமேல் ஒரே ஒரு 18 வாட் குழல்விளக்கு மாட்டியிருந்தேன். கடையில் பால்போல் வெளுத்த சாமந்தி ஒன்று இருந்தது. "மல்லிகைப்பூ மாதிரி இருக்கே!" என்றாள் மனைவி. வாங்கி வந்தோம். அந்த வெளுப்பு, பாசியை இழந்த பட்டினிக்கோலம் என்று பிறகுதான் தெரிந்தது. வெளிச்சம் தேடிக் கண்ணாடிமேல் ஏறியது, வாய் பிளந்தது, ஐந்தாம் வாரம் ஒரே இரவில் கரைந்து, தண்ணீரைக் கெடுத்து, இரண்டு மீன்களையும் கூடவே கொண்டுபோயிற்று. பேத்தி இரண்டு நாள் தொட்டிப் பக்கமே வரவில்லை.

தொட்டி பளிச்சென்றுதானே இருந்தது என்று கேட்பீர்கள். ரயில்வே சிக்னல் விளக்கு வெகுதூரத்திலிருந்தே தெரியும். அதை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்க முடியுமா? பார்க்கப் போதுமான வெளிச்சம் வேறு, பிழைக்கப் போதுமான வெளிச்சம் வேறு. ஆழம் கூடக்கூட அது குறையும். குழல்விளக்கின் வீரியமும் மாதங்கள் போகப்போகத் தணிந்துவிடும். நம் கண்ணுக்கு அது தெரியாது.

பாசியில்லாத வகைகள் மங்கல் வெளிச்சத்திலும் வாழும். 1828-ல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் சர் ஜான் டாலியல் எடுத்துவந்த ஒரு சாமந்தி, எடின்பரோவில் கண்ணாடி ஜாடிக்குள் 1887 வரை இருந்தது. அவர் 1851-லேயே காலமாகிவிட்டார். அது கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. 'பாட்டி' என்றே அதற்குப் பெயர். விசேஷ விளக்கேதுமில்லை, மாற்றிய கடல்நீர், அளவாக ஊட்டிய சிப்பிச் சதை, அவ்வளவுதான். ஆனால் அது குளிர்க்கடல் பிராணி. நாக்பூர் மே மாதத்துக்கு ஆகாது.

நமக்கு ஏற்றது டியூப் அனிமனி; சாமந்திக்கு ஒன்றுவிட்ட உறவு. அதற்குள் பாசி இல்லை. புதைந்திருக்க அரையடி மணல் வேண்டும். வாரம் இரண்டு முறை நறுக்கிய இறால் கொடுங்கள், மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். நீரின் ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். பம்ப் வாய்க்கு வலை கட்டாயம். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாதமாவது ஆகட்டும். சிறு மீன்களை அதனுடன் விடாதீர்கள், இரையாகிவிடும்.

பேரன் கேட்பது கோமாளி மீனைத்தானே? மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். அப்படிப் பண்ணையில் பிறந்தவை சாமந்தியில்லாமலே சுகமாக இருக்கும். என்னிடம் இப்போது அப்படி ஒரு ஜோடி. மண்சட்டி ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறேன்; அதைவிட்டு நகர்வதில்லை. விளக்கு அதே 18 வாட்தான்.