போர் முடிந்த மறுநாள் யார் போலீஸ்?

பத்தாம் வகுப்பில் ‘இரண்டாம் உலகப்போர்’ பாடத்தை முடித்து, ‘இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய உலகம்’ பாடத்தைத் தொடங்கிய நாள். 1945 மே 8 ஜெர்மனி சரண், செப்டம்பர் 2 ஜப்பான் சரண் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, அடுத்த தலைப்புக்குப் போகத் திரும்பினேன். இரண்டாவது பெஞ்சில் ஒரு மாணவி எழுந்தாள்.

“டீச்சர், மே எட்டு சண்டை முடிஞ்சிருச்சு. மே ஒம்பது காலையில அந்த ஊர்ல யாரு டீச்சர் போலீசு?”

பத்தாண்டுகளுக்கு மேலாக உலகப்போர்களை நடத்துகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பாடமும் அந்த இடத்தில் நிற்பதில்லை. சீனப் புரட்சி, கொரியப் போர், பனிப்போர் என்று நகர்ந்துவிடுகிறது. “நாளைக்குச் சொல்றேன்மா” என்றேன். அந்த நாளை வர ஒரு வாரம் ஆனது. தேடிப் படித்ததையும், அதை வகுப்பில் கொண்டுபோனபோது நான் செய்த ஒரு தவறையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஜெர்மனி. தோற்ற நாட்டை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் மண்டலங்களாகப் பிரித்துக்கொண்டன. பழைய போலீசாரை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஹிட்லர் ஆட்சியில் நாட்டின் காவல்துறை முழுவதும் எஸ்.எஸ். படைத்தலைவர் ஹிம்லரின் கையில்தான் இருந்தது. நகரங்கள் இடிந்து கிடந்தன. கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டவர்கள், முகாம்களிலிருந்து மீண்டவர்கள், கிழக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் எனப் பல லட்சம் பேர் வீடில்லாமல் அலைந்தார்கள். பணத்துக்கு மதிப்புப் போய் சிகரெட்டே நாணயமாகப் புழங்கியது. கள்ளச்சந்தை கொழித்தது.

வென்ற படை ஒழுங்கைக் காக்கலாமே என்று தோன்றும். ஆனால் போரிட்ட வீரர்கள் வீடு திரும்பத் துடித்தார்கள். கப்பல் கப்பலாகத் திரும்பியும் போனார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்தவர்கள் இளவட்டங்கள். எதிரியைச் சுடக் கற்றவனுக்கு, வண்டியை நிறுத்தி “உன் அட்டையைக் காட்டு” என்று கேட்கத் தெரியாது. அது வேறு தொழில்.

ஆகவே பாதி ராணுவம், பாதி போலீஸ் என்ற ஒரு புதிய படையை அமெரிக்கா தன் மண்டலத்தில் அமைத்தது. பெயர் அமெரிக்க கான்ஸ்டபுலரி. 1946 ஜூலை 1 அன்று முறைப்படி பணிக்கு வந்தது. தலைவர் ஜெனரல் எர்னஸ்ட் ஹார்மன். 30,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய பரப்பு ஏறத்தாழ 40,000 சதுர மைல், அதாவது தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. மாணவர்களுக்கு இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் சொல்லுங்கள். வெறும் 40,000 என்றால் யாருக்கும் எதுவும் புரிவதில்லை.

இந்த வீரர்களுக்குப் பயிற்சி தந்த பள்ளி சோன்ட்ஹோஃபென் என்ற ஊரில் இருந்தது. அதே கட்டடத்தில்தான் முன்பு நாஜிக் கட்சி தன் இளம் தலைமுறையை வளர்த்தெடுத்தது. ஒரே சுவர், ஒரே கரும்பலகை. பாடம் மட்டும் வேறு. கைது செய்வதில் சட்டம் என்ன, சோதனை எப்படி, ஜெர்மனியின் வரலாறு என்ன என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இது ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டிய செய்தி.

இவர்களிடம் ஜீப்பும் கவச வண்டியும் வானொலிக் கருவியும் இருந்தன. கூடவே குதிரையும் இருந்தது! ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் ஏறத்தாழ 30 குதிரைகள் கொண்ட ஒரு பிரிவு. அணுகுண்டு வெடித்து ஓராண்டுகூட ஆகாத நேரத்தில் குதிரைப் போலீஸ். வகுப்பில் இதைச் சொன்னபோது “ஏன் டீச்சர், அவங்ககிட்டதான் டாங்கி இருக்குல்ல?” என்று பலர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

காரணங்கள் எளியவை. காடும் மலையுமான எல்லைப் பகுதியில் ஜீப் போகாத தடத்தில் குதிரை போகும். இடிபாடு நிறைந்த தெருவிலும் போகும். கூட்டத்தை விலக்க டாங்கி கொண்டுவந்தால் அது போர்; குதிரை வந்தால் கூட்டம் தானே வழிவிடும். அரை டன் எடையுள்ள உயிர் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து வந்தால், துப்பாக்கி தூக்காமலே மனிதர் ஒதுங்குவார். மேலே இருப்பவருக்குக் கூட்டத்தின் கடைசித் தலைவரை தெரியும். கூட்டத்தில் உள்ள அனைவருக்கும் அவரும் தெரிவார். பெர்லினில் அமெரிக்க ராணுவப் போலீசின் குதிரைப் பிரிவு 1950களின் பிற்பகுதிவரை ரோந்து போனது.

இந்த இடத்தில் பாடநூல்களும் திரைப்படங்களும் நம் மனதில் பதித்த ஒரு படத்தைக் கலைக்கலாம். ஜெர்மானியப் படை என்றால் டாங்கிகளின் படை என்றே நினைக்கிறோம். உண்மையில் அந்தப் படையின் பீரங்கிகளையும் உணவு வண்டிகளையும் பெரும்பாலும் இழுத்தவை குதிரைகள். 1941இல் சோவியத் மீது படையெடுத்தபோது கூடப் போனவை 6 லட்சத்துக்கும் மேல். போர் முழுவதும் 25 லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அது பயன்படுத்தியது. அவற்றில் பெரும்பாலானவை திரும்பவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியானது. மனிதர்களின் சாவுக் கணக்கை அடுக்கியபோது வராத அமைதி அது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

“நீங்க குதிரையை எங்கே பார்த்திருக்கீங்க?” என்று கேட்டேன். சுற்றுலாவில் சென்னை போயிருந்த இருவர் மெரினாவில் குதிரைப் போலீசைப் பார்த்திருந்தார்கள். ஒருத்தி தொட்டும் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் சொன்னது ஐயனார் கோயில் மண் குதிரையை. எங்கள் பள்ளி கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களில் ஏரிக்கரை ஐயனாரும் சுடுமண் குதிரையும் இல்லாத இடம் குறைவு.

“ராத்திரியில ஐயனாரு குதிரையில ஊரைச் சுத்தி வருவாரு டீச்சர். திருடன் வரமாட்டான்.”

“நாங்களும் அந்நேரத்துக்கு வெளிய வரமாட்டோம்.”

இரண்டு பிள்ளைகள் அடுத்தடுத்துச் சொன்ன வாக்கியங்கள் இவை. காவலும் அச்சமும் ஒரே குதிரையில் ஏறிவருகின்றன. நான் ஒரு பாடவேளை விளக்கியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. இரண்டையும் கரும்பலகையில் அப்படியே எழுதினேன். தொடக்கநிலை ஆசிரியர்கள் போர், மண்டலம், ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் இந்த இடத்திலிருந்தே ‘நம்மைக் காப்பவர் யார்’ என்ற பாடத்தைத் தொடங்கலாம். மண் குதிரை ஒன்று செய்யச் சொன்னாலே போதும்.

அடுத்து நான் செய்த தவறு. பி.எட். படித்த நாளிலிருந்து நடித்துக் காட்டும் முறை மீது எனக்குப் பெரிய நம்பிக்கை. மறுநாள் பெஞ்சுகளை ஒதுக்கி, நான்கு பேரைப் பெஞ்சின் மேல் நிற்கவைத்தேன். அவர்கள் குதிரை வீரர்கள். மற்றவர்கள் கீழே வரிசையாக வர வேண்டும்; அடையாள அட்டை காட்ட வேண்டும்; பையைத் திறக்க வேண்டும். கள்ளச்சந்தைச் சரக்குக்குப் பதில் சுண்ணாம்புக் கட்டிகள் வைத்திருந்தேன்.

முதல் இரண்டு நிமிடம் சிரிப்பு. மூன்றாவது நிமிடம் மேலே நின்ற ஒரு பையன் ஸ்கேலை எடுத்து ஒவ்வொருவர் தலையிலும் தட்ட ஆரம்பித்தான். நல்ல பையன், வகுப்பில் அதிர்ந்து பேசாதவன். யாரும் அவனிடம் ஸ்கேல் தரவில்லை, தட்டச் சொல்லவும் இல்லை. ஐந்தாவது நிமிடம் வரிசையில் வந்த ஒரு மாணவன் பையைத் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டான். மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். விளையாட்டுக்குத்தானே என்று மற்றவர்கள் கூவினார்கள். அவன் தலையைக் குனிந்தபடி, “எங்க ஊர்ல வீட்டைச் சோதனை போடறதைப் பாத்திருக்கேன் டீச்சர். அது விளையாட்டு இல்ல” என்றான்.

உடனே நிறுத்தினேன். எல்லாரையும் உட்காரவைத்தேன். ஸ்கேல் வைத்திருந்தவன் தானாகவே வந்து என் மேசையில் அதை வைத்துவிட்டுப் போனான். நான் அந்த மாணவனிடம் வகுப்பின் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு இந்த நடிப்பை நான் செய்வதில்லை. யாரையும் சோதனைக்கு உட்படும் பாத்திரத்தில் நிறுத்தாதீர்கள் என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன். நம் வகுப்பில் யார் எதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. மேலே நிற்பது, கீழே உட்காருவது என்ற உயர வேறுபாட்டை மட்டும் காட்டலாம். பெஞ்சின் மேல் ஆசிரியரே ஏறி நின்று, “இப்போ நான் எப்படித் தெரியறேன்?” என்று கேட்டால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

அன்று மீதியிருந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பேசினோம். மெரினா குதிரைக்கும் ஜெர்மனியின் குதிரைக்கும் என்ன வேறுபாடு? ‘அது வெளிநாட்டுப் போலீசு’ என்று தொடங்கியது. ‘மெரினா போலீசு தப்பு செஞ்சா கோர்ட்டுக்குப் போகலாம்’ என்று வந்தது. கடைசியில் ஒரு மாணவி, “அந்தச் சட்டத்தை அவங்க ஊர்க்காரங்க போடலையே டீச்சர்” என்றாள். நான் எதிர்பார்த்திருந்த விடை அதுதான். ஜெர்மனியைப் பொறுத்தவரை அதற்குத் தொடர்ச்சியும் உண்டு. கான்ஸ்டபுலரி தன் வேலையைப் படிப்படியாகப் புதிய ஜெர்மானியப் போலீசிடம் கொடுத்துச் சுருங்கியது. 1949இல் மேற்கு ஜெர்மனி தன் அரசமைப்பை ஏற்றது. 1952இல் கான்ஸ்டபுலரியின் கடைசிப் பிரிவுகளும் கலைக்கப்பட்டன. குதிரையிலிருந்து இறங்கும் நாளையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாடம் அரைகுறையாகிவிடும்.

இதுவரை எல்லாமே எங்கோ நடந்தவை. மூன்றாவது பாடவேளையில் ஜப்பானுக்குப் போனோம். அங்கே நம்மவர்கள் இருந்தார்கள். அமெரிக்கர்களோடு பிரிட்டிஷ் காமன்வெல்த் படையும் ஜப்பானை ஆக்கிரமித்திருந்தது. அதில் 1946இல் இந்தியச் சிப்பாய்களும் போய் இறங்கினார்கள். 268ஆம் இந்தியப் படையணிக்குத் தலைவர் பிரிகேடியர் திம்மய்யா; பின்னாளில் சுதந்திர இந்தியாவின் ராணுவத் தளபதி. டோக்கியோவில் பேரரசரின் அரண்மனை வாயிலில் முறை வைத்துக் காவல் நின்ற படைகளில் இந்தியர்களும் உண்டு.

அப்படிப் போன பிரிவுகளில் ஒன்று 7ஆம் லைட் கேவல்ரி. பெயரைக் கேட்டதும் ‘குதிரைப்படையா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். குதிரைப்படைதான், அதுவும் நம் மதராஸ் குதிரைப்படை. 1784இல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் திரட்டப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குள் குதிரைகளை விட்டு டாங்கிகளுக்கு மாறி, ஜப்பானியரை எதிர்த்துப் பர்மா முனையில் போரிட்டது. ஜப்பானுக்குப் போனபோது பெயரில் மட்டுமே குதிரை மிச்சம்.

இங்கேதான் வகுப்பு சூடு பிடித்தது. 1946இல் இந்தியா யாருடைய ஆட்சியில் இருந்தது என்று மட்டும் கேட்டேன். சில நொடி அமைதிக்குப் பிறகு ஸ்கேல் வைத்திருந்த அதே பையன், “நம்ம நாட்டை இன்னொருத்தன் புடிச்சு வச்சிருக்கான். நாம போயி இன்னொரு நாட்டுக்குக் காவல் நின்னோமா?” என்றான். ஆமாம் என்றேன். 1947 இறுதிக்குள் இந்தியப் படை ஜப்பானிலிருந்து திரும்பிவிட்டது. ஜப்பானின் ஆக்கிரமிப்பு 1952 ஏப்ரல் 28 வரை நீடித்தது. இந்தத் தேதிகளையும் 1947 ஆகஸ்ட் 15ஐயும் ஒரே காலக்கோட்டில் குறிக்கச் சொன்னேன். தேர்வுக்குக் காலக்கோடு வரையப் பழக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

‘சட்டத்தை ஊர்க்காரங்க போடலையே’ என்ற வாக்கியம் என்னைவிட்டுப் போகவில்லை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது என்பது மலைப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்ட கதை. சமவெளிப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியவே தெரியாது. நாடு சுதந்திரம் பெற்று ஏறத்தாழ 29 ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. எனவே வீட்டுப்பாடமாக ஒரே கேள்வியைக் கொடுத்தேன்: உங்கள் ஊரில் தாத்தா, பாட்டி சிறுவயதில் இருந்தபோது சண்டை சச்சரவு வந்தால் யாரிடம் போனார்கள்? யார் வந்தால் பயந்தார்கள்? மதிப்பெண் கிடையாது என்றும், வீட்டில் சொல்ல விரும்பாததை எழுத வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

சமவெளிப் பிள்ளைகள் மணியக்காரர், தலையாரி, பஞ்சாயத்து ஆலமரம் என்று அரைப் பக்கம் எழுதி வந்தார்கள். பையைத் திறக்க மறுத்த மாணவன் வார விடுமுறைக்கு மலைக்குப் போய்விட்டுத் திங்கள்கிழமை வந்தான். நான்கு பக்கம். தாத்தா சொல்லச் சொல்லப் பென்சிலில் எழுதியது. நான் நின்றபடியே படிக்க ஆரம்பித்ததும், “டீச்சர், முழுசா இல்ல. கரண்டு போயிருச்சு. மிச்சத்தை அடுத்த வாரம் எழுதிட்டு வரேன்” என்றான்.