உவர்க்காற்றைத் தாங்கும் அலங்காரக் கொடிகள்

இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையுள்ள கடலோரத்தில் கொடி வைக்க விரும்புவோர் பூவின் அழகைக் கண்டே கன்று வாங்குகின்றனர். இப்பிரதேசத்தில் அது நஷ்டத்திற்கே வழியாகும். முதலில் ஆராய வேண்டியவை கிணற்று நீரின் உவர்ப்பும் காற்று வரும் திசையுமாம். எண்ணூரை அடுத்த மீஞ்சூர்ப் பக்கங்களில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்து, நன்னீர்க் கிணறுகளும் உவர்நீராயின. அந்நீரைப் பாய்ச்சினால் மல்லிகையின் இலை நுனி கருகி, செடியும் நாளடைவில் மடியும்.

இவ்விடத்திற்கு மிகவும் ஏற்றது காகிதப்பூக் கொடியே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இது, உப்புக்காற்றையும் வறட்சியையும் ஒருங்கே தாங்கும். முள்ளுடையதாதலால் வேலிக்கும் உதவும். பள்ளிக்கூட நடைபாதைக்கு அருகில் மட்டும் ஆகாது. இரண்டடி நீள அகல ஆழமுள்ள குழியில் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் இட்டு, ஐப்பசி மழை தொடங்கும்போது வேர்பிடித்த கன்றை நடுதல் நலம்; மணலிலுள்ள உப்பை மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுசெல்லும். கழிமுகத்தை அடுத்த தாழ்ந்த மனைகளில் மேடு கட்டியே நட வேண்டும்; நீர் தேங்கினால் வேர் அழுகும். கன்று நிலைத்தபின் நீரும் எருவும் மிகுந்தால் இலையே தழைக்கும். அருமையாகப் பேணுவோரைவிடச் சற்று அசட்டையாக விடுவோரிடமே இது நன்கு பூக்கிறது.

இரங்கூன் மல்லி மாலையில் வெண்மையாக மலர்ந்து, பின்னர் இளஞ்சிவப்பாகிச் சிவக்கும், மணமும் உண்டு. கடற்காற்று நேரே படாதபடி வீட்டின் மேற்புறத்தில் இதனை வைக்க வேண்டும். சங்குப்பூ விதையை ஓரிரவு ஊறவைத்து ஊன்றலாம். பயறு வகையாதலால் மண்ணில் தழைச்சத்து சேரும், கால்நடையும் உண்ணும். கொடிரோஜாவைத் தேனீக்கள் விரும்பும். ஆயினும் அது விதையாலும் கிழங்காலும் பரவி, வெட்டினாலும் துளிர்ப்பதால் வயல் வேலியில் ஏற்றுதல் கூடாது.

பந்தலுக்கு இரும்புக் கம்பி உதவாது. உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். கருங்கல் தூணும் வைரம் பாய்ந்த பனஞ்சட்டமும் நெடுநாள் நிற்கும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் சென்னையருகே கரை கடந்த வர்தா புயலில் பெருமரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. தழை மண்டிய பந்தலோ காற்றுக்கு விரித்த பாயை ஒக்கும். ஆகையால் புரட்டாசிக்குள் கவாத்து செய்துவிடல் வேண்டும். காகிதப்பூ புதுக்கிளையிலேயே பூப்பதால் இதனால் குறைவில்லை. வெட்டியவற்றுள் பென்சில் கனமுள்ள முற்றிய துண்டுகளைப் பதியன் தொட்டியில் ஊன்றிக் கன்றாக்கலாம்.

ஆலைகளின் அருகே இலைமேல் படியும் தூசியையும் சாம்பலையும் வாரம் ஒருமுறை காலையில் கழுவுதல் அவசியம். அதற்கு நன்னீரையே கொள்ள வேண்டும். நன்னீர் கிடையாதவிடத்து உவர்நீரைத் தெளிப்பதைவிட மழை வரும்வரை தூசியை விட்டுவைத்தலே மேல்.