கைப்பேசியில் மருத்துவ ஜெர்மன்: செவிலியருக்கு ஆறு படிகள்

ஜெர்மனியில் வேலை தேடும் செவிலியருக்கு ஜெர்மன் மொழிக்கான பி2 தேர்வில் தேறியதும் தலைச்சுமை இறங்கியது போலிருக்கும். வார்டில் முதல் வாரமே அது மறுபடி ஏறிவிடும். கட்டிலில் இருக்கும் பாட்டி "மியர் இஸ்ட் ஷ்விண்டலிஷ்" என்பார். மருத்துவக் குறிப்பில் அதுவே "வெர்டிகோ". பாட்டிக்குத் தலை சுற்றுகிறது, அவ்வளவுதான். இரண்டு பேச்சுக்கும் நடுவில் நிற்கும் உங்களுக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும்.

குறிப்பேட்டு மொழிக்கு நீங்கள் கல்லூரியில் படித்த ஆங்கிலம் கைகொடுக்கும். அதில் பெரும்பகுதி லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்கள்தான். நோயாளி பேசும் மொழிக்குத் தமிழ்தான் கைகொடுக்கும். எப்படி என்று பார்ப்போம்.

1. போனைத் தயார் செய்யுங்கள்

அமைப்புகளில் ஜெர்மன் விசைப்பலகையைச் சேருங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மனை இணையமில்லாமல் இயங்கும்படி இறக்கிவையுங்கள். அடுத்து 'ஆங்கி' என்ற மனப்பாட அட்டைச் செயலி. ஆண்ட்ராய்டில் 'ஆங்கிடிராய்ட்' இலவசம், ஐபோனில் காசு கட்ட வேண்டும். நீங்கள் மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் அதன் வேலை. தெரிந்த சொல் பல நாள் கழித்து வரும், தடுமாறிய சொல் சீக்கிரமே வந்து நிற்கும்.

2. அட்டையின் முன்பக்கம் தமிழில் இருக்கட்டும்

"மியர்" என்றால் "எனக்கு". "மியர் இஸ்ட் கால்ட்" என்றால் "எனக்குக் குளிருது". ஆங்கிலத்தை மனதில் வைத்து "இஷ் பின் கால்ட்" என்று சொன்னால், நான் நெஞ்சில் ஈரமில்லாதவள் என்பது போல ஒலிக்கும். குமட்டலும் தலைசுற்றலும் தமிழில் போலவே ஜெர்மனிலும் 'எனக்கு' வருபவை. நேராகத் தமிழிலிருந்து போனால் பாதித் தவறு குறையும்.

வலிக்கும் அப்படியே. குத்துது என்றால் "ஷ்டெஷன்ட்", எரியுது என்றால் "ப்ரென்னன்ட்", இழுக்குது என்றால் "ட்ஸீயன்ட்". தனிச்சொல்லாக எழுதாமல் வாக்கியமாக எழுதுங்கள். முன்பக்கம்: "மூச்சு விட்டா குத்துது." பின்பக்கம்: "எஸ் ஷ்டிஷ்ட் பைம் ஆட்மன்." இங்கே அச்சுக்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் அட்டையில் ஜெர்மன் எழுத்தும் அதன் ஒலிப்பதிவும் இருக்கட்டும். ஜெர்மனின் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தே கிடையாது.

பெயர்ச்சொல்லை அதன் பால் காட்டும் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள்: இரைப்பை "டேர் மாகன்", சிறுநீரகம் "டீ நீரெ", இதயம் "டாஸ் ஹெர்ட்ஸ்". மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுத்தால் மனதில் ஒட்டும்.

3. ஒரு நோய்க்கு இரண்டு பெயர்

உயர் ரத்த அழுத்தம் குறிப்பேட்டில் "ஹ்யுப்பர்டொனீ", நோயாளி வாயில் "ப்ளூட்-ஹோக்-ட்ருக்". இரண்டையும் ஒரே அட்டையில் எழுதுங்கள். சுருக்கெழுத்துகளுக்கும் அட்டை வேண்டும். நாம் பி.பி. என்று எழுதுமிடத்தில் அங்கே ஆர்.ஆர். என்றிருக்கும். 1896-இல் ரத்த அழுத்தமானியை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சியின் முதலெழுத்துகள் அவை. பி.இஸட். என்றால் ரத்தச் சர்க்கரை.

4. நீளச் சொல்லை நறுக்குங்கள்

"லுங்கன்-என்ட்ஸ்யுண்டுங்" பார்க்க மிரட்டும். வெட்டினால் நுரையீரல், அழற்சி. நிமோனியாதான். "என்ட்ஸ்யுண்டுங்" என்ற சொல்லுக்குள் தீ மூட்டுதல் இருக்கிறது, நம் 'அழற்சி'க்குள் அழல் இருப்பது போல. இந்த ஒன்று தெரிந்தால் "ப்ளாஸன்" சேர்த்துச் சிறுநீர்ப்பை அழற்சி, "மண்டல்" சேர்த்து டான்சில் அழற்சி. மண்டல் என்றால் பாதாம் பருப்பு. டான்சிலின் வடிவம் நினைவில் நின்றுவிடும்.

5. காதும் வாயும் பழகட்டும்

கண்ணால் படிப்பது பாதி வேலைதான். குரல்வழித் தட்டச்சை ஜெர்மனுக்கு மாற்றி, அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். போன் வேறெதையாவது எழுதினால் உச்சரிப்பு சரியில்லை என்று பொருள். "ட்ர்யுக்கன்" என்றால் அமுக்கு, "ட்ருக்கன்" என்றால் அச்சடி. மணியை அமுக்கச் சொல்லப் போய் அச்சடிக்கச் சொல்லாதீர்கள்.

அதிக ஆபத்து எண்களில்தான். 84 என்பதை "ஃபியர்-உண்ட்-அக்ட்ஸிஷ்", அதாவது நான்கும் எண்பதும் என்பார்கள். அவசரத்தில் முதலில் கேட்ட நான்கை முதலில் எழுதினால் நாடித்துடிப்பு 48 ஆகிவிடும். இருபது எண்களைச் செயலியை வாசிக்கச் செய்து, பார்க்காமல் எழுதி, சரிபாருங்கள். காய்ச்சலும் அங்கே செல்சியஸில்தான், புள்ளிக்குப் பதில் கமா வரும்: 101.3 ஃபாரன்ஹீட் என்பது 38,5.

6. வார்டில் கேட்டதை வீட்டில் சேருங்கள்

புரியாத சொல்லைக் கையடக்க நோட்டில் குறித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்ததும் அட்டையாக்குங்கள். நோயாளியின் கேஸ் ஷீட்டையோ கட்டிலில் தொங்கும் பெயர்ப்பலகையையோ போனில் படமெடுக்கவே கூடாது. நோயாளியின் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியிலும் தட்டாதீர்கள். நோயாளி ரகசியத்தை வெளியிடுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டப்படியே தண்டனைக்குரியது.

நாளுக்குப் பத்துப் புதிய அட்டை போதும். பழையதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கற்பனை நோயாளிக்கு இரண்டு நிமிட ஹேண்ட்ஓவர் ஜெர்மனில் சொல்லிப் பதிவுசெய்து, திரும்பக் கேளுங்கள். எங்கெங்கே திக்கினீர்களோ, அவைதான் திங்கட்கிழமையின் பத்து அட்டைகள்.