காணாது ஈதலும் காணியும்: முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் புரவலர் மரபின் மாற்றம்

ஆய்வுச் சுருக்கம்

சங்ககாலப் புரவலர் மரபு, ஈவோனும் ஏற்போனும் நேர்நின்று காணும் உறவின்மேல் அமைந்தது. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் அவ்வுறவு அளவும் பங்கும் வாரிசுரிமையும் கொண்ட நிவந்தமாக மாறியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அம்மாற்றத்தால் கலைஞர் பெற்றதையும் இழந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிவந்தம், காணி, பங்கு, தளிச்சேரிப் பெண்டுகள், பிடாரர், பரிசில்

முன்னுரை

சோழர் கலைப்பணி பெரும்பாலும் மன்னனின் வள்ளன்மையாகவே போற்றப்பட்டு வந்துள்ளது. வள்ளன்மை என்னும் சொல் கொடுப்பவனின் மனத்தைச் சுட்டுகிறது. கல்வெட்டுகளோ கொடையின் முறைமையைப் பேசுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

நேர்முகக் கொடை

புறநானூற்றின் பரிசில் கடாநிலைத் துறை, புரவலனின் வாயிலில் காத்திருக்கும் புலவனின் நிலையை உணர்த்துகிறது. கொடை மன்னனின் மனநிலையைச் சார்ந்திருந்தமையால் காலத்தாழ்வும் மறுப்பும் இயல்பாயின. எனினும் புலவனுக்கு ஓர் உரிமை இருந்தது. தகுதியறியாத கொடையை அவன் மறுக்கலாம். அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் (புறம். 208). மறுத்தபின் வேறொரு புரவலனை நாடிச் செல்லும் வழியும் புலவர்க்கு இருந்தது.

பங்கும் அளவும்

தஞ்சைக் கல்வெட்டுகளில் இந்நேர்காணல் இல்லை. சோழமண்டலத்தின் பல தளிச்சேரிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 பெண்டுகளுக்குத் தனித்தனியே வீடும் பங்கும் வகுக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்தின் விளைவிலிருந்து ஆண்டுக்கு 100 கலம் நெல், இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட வேண்டும். இப்பெண்டுகளுக்கு மட்டும் ஆண்டுக்கு 40,000 கலம் தேவைப்பட்டது. நட்டுவம் செய்வோர், தமிழ் பாடுவோர், ஆரியம் பாடுவோர், கணக்கர், தச்சர், குயவர் முதலியோரும் இதே பட்டியலில் பங்கு பெறுகின்றனர். ஆடற்கலையும் கைத்தொழிலும் ஒரே கணக்கின் வெவ்வேறு வரிகளாயின.

திருப்பதியம் விண்ணப்பஞ்செய்த பிடாரர் 48 பேருக்கும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசித்த இருவருக்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வகுக்கப்பட்டது. கலம் ஒன்றுக்குப் பன்னிரு குறுணி என்னும் கணக்கில் இஃது ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 91 கலம் ஆகும். ஆடும் பெண்ணின் பங்கு ஓதும் பிடாரரின் நிவந்தத்திற்குக் குறைந்ததன்று, சற்று மிகுதியே. இரு கலைகளுக்கும் கோயிலமைப்பு அளித்த மதிப்பை ஒப்பிட இக்கணக்கு உதவும்.

வாரிசுரிமையும் தகுதியும்

பணியாளர் இறந்தாலோ அயல்நாடு சென்றாலோ அடுத்த முறையினர் அந்நிவந்தத்தைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அவர்கள் தகுதியற்றவராயின் தகுதியுடையாரை அமர்த்திச் செய்விக்க வேண்டும். அடுத்த முறையினரே இல்லையெனில் அப்பணிக்குரிய குழுவினரே தக்காரைத் தேர்ந்து இட வேண்டும். இவ்விதியில் மூன்று கூறுகள் உள்ளன: உரிமை குடும்பத்தைச் சார்ந்தது, பணி தகுதியைச் சார்ந்தது, வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு குழுவைச் சார்ந்தது. மன்னனின் விருப்பத்திற்கு இதில் இடமில்லை. மன்னன் மறைந்த பின்னரும் நடைபெறுமாறு கொடை கல்லில் வெட்டப்பட்டது. பேராற்றல் மிக்க மன்னன் தன்னைச் சாராத புரத்தல் முறையொன்றை அமைத்தது குறிப்பிடத்தக்கது.

பெயரும் இருப்பிடமும்

பெண்டுகள் ஒவ்வொருவரும் ‘நக்கன்’ என்னும் அடையுடன், தந்தை அல்லது கணவன் பெயரால் அன்றித் தம் பெயராலேயே குறிக்கப்பெறுகின்றனர். திருவாரூர், பழையாறு, நாகப்பட்டினம் முதலிய முன்னைய ஊர்களும், வாழும் சிறகும், வீட்டின் வரிசை முறையும் பதிவாகியுள்ளன. இஃது அரிய அடையாளம். அதே வேளையில் முழுமையான கணக்கெடுப்பும் ஆகும். இவர்களின் வருகையில் அவர்தம் விருப்பத்திற்கு இருந்த இடத்தைக் கல்வெட்டு சுட்டவில்லை. பெருஞ்சித்திரனாருக்கு வாய்த்த மறுக்கும் குரல் இப்பட்டியலில் ஒலிக்கவில்லை.

முடிவுரை

சங்கப் புலவன் உறுதியற்ற வாழ்வையும் மறுக்கும் உரிமையையும் ஒருங்கே பெற்றிருந்தான். தஞ்சைக் கலைஞர் உறுதியான வாழ்வைப் பெற்றனர். கொடை காணியாக மாறியதால் மறுப்பிற்குரிய களம் மறைந்தது. புறநானூற்றுப் புலவர் இழிவெனக் கருதிய ‘காணாது ஈதல்’, இராசராசன் காலத்தில் கலைஞரைக் காக்கும் முறையாயிற்று. ஆதலின் சோழர் கலைப்பணியை வள்ளன்மை என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்குவது போதாது. அதனைப் பாதுகாப்பும் கட்டுப்பாடும் பிரிக்கவியலாது இணைந்த ஆட்சிமுறையாகக் காண்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.