எல்லாரும் பேசும் வார்டு

தங்கம், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவுக்கு உன்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று உன் அம்மா சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது. உன் பெரியம்மா அப்படியொரு வார்டில் சிஸ்டராக இருந்தே தலை நரைத்தவள். மருந்தும் பயிற்சியும் நீ படித்த புத்தகத்திலேயே இருக்கின்றன. மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு நடப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. நோயாளிக்கு மிக அருகில் இருப்பவரின் பேச்சை முதலில் கேள். எங்கள் வார்டில் ஓர் ஆயாம்மா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு மதியம், கழுத்தெலும்பு முறிந்து கைகால் விழுந்திருந்த ஒரு பையனுக்குத் தாங்க முடியாத தலைவலி; முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது. புதிதாய் வந்திருந்த டாக்டர் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், யூரின் டியூப் மடங்கிக் கிடக்கு. பையில ஒரு சொட்டு இறங்கல" என்றார் ஆயாம்மா. ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, நிறைந்த சிறுநீர்ப்பையோ இறுகிய மலமோ போதும். ரத்த அழுத்தம் மளமளவென்று ஏறி மூளையில் ரத்தக்கசிவு வரைக்கும் போய்விடலாம். பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, குழாயை நேராக்கினோம். அழுத்தம் இறங்கியது. டாக்டர் நிற்கும்போது ஆயாம்மாவுக்குப் பேசத் துணிச்சல் எப்படி வந்தது என்று யோசித்துப் பார். எங்கள் ஹெட் சிஸ்டர் தினமும் காலை ரிப்போர்ட்டில் அவரிடம்தான் முதலில் கேட்பார்: "நீங்க என்ன பார்த்தீங்கம்மா?" கேட்டுக் கேட்டுப் பழகிய வாய்தான் ஆபத்தில் திறக்கும்.

2. இலக்கை நோயாளியே சொல்லட்டும். பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவரை, கேலிப்பர் மாட்டி நடக்கவைத்தே தீருவது என்று பிசியோதெரபிஸ்ட் உழைத்தார். நோயாளிக்கோ அதில் நாட்டமே இல்லை. "ஒத்துழைக்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிட்டது. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒரு நாள் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடணும் என்றார் மனிதர். திட்டம் மாறியது. வீல்சேரிலிருந்து தரைக்கு இறங்கவும், கையூன்றித் திரும்ப ஏறவும் அதே பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார். பிசியோதெரபிஸ்ட் சொன்னதற்கு மேலேயே அந்த மனிதர் செய்தார். "ஒத்துழைக்கவில்லை" என்ற சொல்லைக் கேஸ் ஷீட்டில் எப்போது பார்த்தாலும், அந்த நோயாளியிடம் நாம் எதையாவது கேட்டோமா என்று பார்.

3. இரவுப் பணியாளர்களின் முகம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடப் பிரிவைத் தொடங்கினார். இப்படி அடிபட்டவர்கள் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்துபோவார்கள் என்று மருத்துவ உலகமே கைவிட்டிருந்த காலம் அது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவானாலும் பகலானாலும், திருப்பிப் படுக்கவைத்தே ஆக வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார். அந்த ஒழுங்கு நள்ளிரவில் யாருடைய கையில் இருக்கிறது? தூக்கம் சொக்கும் இரண்டு அட்டெண்டர்கள் கையில். புண் வந்துவிட்டால் "யார் டியூட்டி?" என்று தொடங்காதே. எத்தனை பேர் இருந்தார்கள், மெத்தை எப்படி, எந்த நேரத்தில் விட்டுப்போயிற்று என்று கேள். ஆளைத் தேடினால் அடுத்த முறை புண்ணை மறைப்பார்கள்.

4. உதவி கேட்கக் கூசாதே. வேலூர் சி.எம்.சி.யில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-இல் வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. வீல்சேரில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறைக்கே தலைமை தாங்கினார். 1966-இல் வேலூரின் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. தன் உடம்பை நகர்த்தவே பிறர் கை வேண்டியிருந்த நாட்களைக் கடந்து வந்தவர் அவர். "நானே பார்த்துக்கறேன்" என்று நீ சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு திறமை சும்மா நிற்கிறது, தங்கம்.

5. கேலிப்பரும் செயற்கைக்காலும் செய்யும் பட்டறைக்காரரை மீட்டிங்குக்குக் கூப்பிடு. 1968-இல் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் உருவானது டாக்டர் சேத்தியின் அறிவால் மட்டுமல்ல, ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரின் கையாலும்தான். யார் செய்தார்களோ அவர் பெயரைப் பலர் முன்னால் சொல்லிப் பழகு.

6. கருத்து வேறுபாட்டைக் கட்டில் ஓரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாம் குரல் உயர்த்தினால், தன்னால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியாதவர் தன்னைப் பாரமாக நினைத்துக்கொள்வார்.

7. நம் ஊரில் வீட்டார் இல்லாமல் குழு முழுமை பெறாது. குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கவும், தோலைப் பார்க்கவும் மனைவிக்கோ அம்மாவுக்கோ கற்றுக்கொடுக்கும்போது, அவர்களே நேற்று சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்றும் கேள். வீட்டுக் கழிவறைக் கதவு வீல்சேர் நுழையும் அகலம் உள்ளதா என்று, டிஸ்சார்ஜ் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே சோஷியல் ஒர்க்கரை அனுப்பிப் பார்த்துவிடு.

8. அதே வழியில் நடந்தவரைத் துணைக்குச் சேர். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன்தான் 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கர ராமன் பின்னால் அவருடன் கைகோத்தார். அடிபட்டுப் பல வருடமாகி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவர் உன் ஊர்ப் பக்கமும் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் வார்டுக்கு வரச் சொல். புதிதாய் வந்தவர் நம்மிடம் கேட்கத் தயங்குகிற கல்யாணம், பிள்ளை, பிழைப்பு எல்லாவற்றையும் அவரிடம் கேட்பார். மீட்டிங்கில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கு. அந்த அறை வாசலில் படி இருந்தால், அவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் சாய்தளம் போட்டுவை.