மாடுகளின் நாட்பட்ட செரியாமை: மூலிகை உருண்டை எப்போது பலன் தரும்?

சில மாடுகள் இரண்டு நாள் தீனி எடுக்காமல் நிற்கும். பிறகு சற்றுத் தேறும். மறு வாரமே மீண்டும் மந்தமாகிவிடும். பால் குறையும். சாணம் ஒரு நாள் இறுகும், மறுநாள் கழியும். இதுவே நாட்பட்ட செரியாமை. இஞ்சி, சீரகம், பூண்டு கொண்டு செய்யும் கை மருந்து இதற்குப் பலன் தருமா என்பது நோயின் காரணத்தைப் பொறுத்தது.

வயிற்றின் வேலை

மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறையான பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களே வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. நல்ல நிலையில் பெருவயிறு நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு முறை அசையும். இடது பக்கம், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கை முட்டியை அழுத்தி வைத்தால் இவ்வசைவு தெரியும். அசைவு குறைந்து, மாடு அசைபோடுவதும் நின்றால் செரிமானம் கெட்டிருக்கிறது என்று அறியலாம்.

மூலிகை உருண்டை

தீனியைத் திடீரென மாற்றுவதாலும், வெறும் வைக்கோலையே போடுவதாலும் ஏற்படும் மந்தத்திற்கு மூலிகை உதவும். இஞ்சியும் மிளகும் உமிழ்நீரைப் பெருக்கி வயிற்றின் அசைவைத் தூண்டும். சீரகமும் பூண்டும் வாயுவைக் குறைக்கும். தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் மரபுவழி மருந்துகளில் இதுவும் ஒன்று.

ஒரு பெரிய மாட்டுக்குத் தேவையானவை: வெங்காயம் 100 கிராம், இஞ்சி 100 கிராம், பூண்டு 10 பல், மிளகு 10, சீரகம் 10 கிராம், மஞ்சள் தூள் 10 கிராம், வெற்றிலை 10, காய்ந்த மிளகாய் 2, வெல்லம் 100 கிராம்.

மிளகையும் சீரகத்தையும் அரை மணி நேரம் ஊறவைத்து, மற்றவற்றோடு அரைத்து, வெல்லம் சேர்த்துச் சிறு உருண்டைகளாகப் பிடிக்க வேண்டும். உப்பில் தோய்த்து, நாக்கில் தடவி, நாளைக்கு மூன்று நான்கு வேளையாக மூன்று நாட்கள் கொடுக்கலாம். பால் கறந்த பிறகு கொடுத்தால் பாலில் பூண்டு வாடை குறையும். கரைத்துக் கொட்டத்தில் ஊற்றக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வெங்காயத்தின் அளவைக் கூட்டினால் இரத்தச் சோகை வரும்.

மூலிகை போதாத இடங்கள்

மூன்று நாளில் குணம் தெரியாவிட்டாலோ, தேறிய மாடு மீண்டும் மந்தமானாலோ, உருண்டையைத் தொடர்வதில் பயனில்லை. காரணத்தைத் தேட வேண்டும்.

1. கம்பி, ஆணி: தீவனத்தோடு விழுங்கியது இரண்டாம் அறையில் குத்தி நிற்கும். மாடு முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை விலக்கி நிற்கும், படுக்கும்போது முனகும். கம்பி இதயம் வரை துளைக்கக்கூடும்.

2. பிளாஸ்டிக் பை: வயிற்றை அடைத்து அடிக்கடி உப்புசம் உண்டாக்கும். இதற்கு அறுவைச் சிகிச்சையே வழி.

3. ஈரல் தட்டைப்புழு: ஏரி, வாய்க்கால் ஓரம் மேயும் மாடுகளுக்கு நத்தை மூலம் பரவும். மாடு மெலியும், தாடைக்கடியில் நீர் கோத்து வீங்கும். சாணத்தைச் சோதித்து உரிய குடற்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

4. சோறு, மாவு: தினமும் மிகுதியாக வைத்தால் பெருவயிறு புளித்து, நுண்ணுயிர்கள் மடியும். விருந்து வீட்டில் மீந்த சோற்றை ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்ற மாடு ஓரிரு நாளில் இறக்கவும் கூடும்; மூலிகை செய்து நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். இடது வயிறு முரசுபோல் உப்பி மூச்சுத் திணறினாலும் அப்படியே.

வருமுன் காக்க

புதிய தீவனத்தை 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். வைக்கோலை நறுக்கி, பசுந்தீவனம் கலந்து போடலாம். வேலி கட்டிய கம்பித் துண்டுகளையும் சாக்கு தைத்த ஊசிகளையும் தொழுவத்தருகே விடக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டும்போது என்ன தீனி போட்டது, எத்தனை நாளாக மந்தம், என்ன மூலிகை கொடுத்தது ஆகிய மூன்றையும் சொன்னால் காரணம் விரைவில் பிடிபடும்.