நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீர்: களுதாவளை தரும் பாடம்

மலையில் இருக்கிற நமக்குத் தண்ணீர் பீலியில் வருகிறது. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே உள்ள களுதாவளை மக்களுக்குக் கிணறுதான் பீலி. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்க, நடுவில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

மழைதான் காரணம். மாரி மழை மணலுக்குள் இறங்குகிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் பாரம். அதனால் நல்ல தண்ணீர் மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைக்க வேண்டாமென்று நிபுணர்கள் சொன்னது இதனால்தான். உப்பைக் கழுவ அடுத்த மழை வேண்டியிருந்தது.

உரம் எங்கே போகிறது?

களுதாவளையில் மிளகாய், வெற்றிலை, மரக்கறி செய்கிறார்கள். மணல் எதையும் பிடித்து வைக்காது. பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா, நைத்திரேற்றாக மாறித் தண்ணீரோடு கீழே இறங்கும். கக்கூசுக் குழியிலிருந்தும் அது வரும். இதே மாதிரி மணல் நிலமான கல்பிட்டியில் பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

நைத்திரேற்றுக்கு நிறமுமில்லை, ருசியுமில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரிக்கலாம். "கொதிக்க வைச்சாச் சரிதானே?" என்று கேட்கலாம். கொதித்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும்.

நமக்கு என்ன?

நம் மலை மண் களி கலந்தது; மணலைப் போல உடனே விடாது. ஆனாலும் சரிவில் மேலே போட்டது கீழேயுள்ள ஊற்றுக்கு வரும். ஆகவே:

1. ஊற்றுக்கு மேற்பக்கம் கக்கூசுக் குழி வெட்டக் கூடாது. ஊற்றிலிருந்து குறைந்தது 100 அடி தள்ளி இருக்கட்டும்.
2. உர மூட்டை, மருந்து டின் ஆகியவற்றை ஊற்றிலோ பீலியிலோ கழுவாதீர்கள்.
3. வீட்டுத் தோட்டத்துக்கு உரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடுங்கள். பெரும் மழைக்கு முன் போட்டால் காசும் போகும், தண்ணீரும் கெடும்.
4. பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும்.
5. குடிதண்ணீரில் சந்தேகம் இருந்தால், பரிசோதிக்கும்படி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை: ஒரு போத்தலில் மணலும் இன்னொன்றில் தோட்டத்து மண்ணும் நிரப்பி, இரண்டின் அடியிலும் சின்ன ஓட்டை போடுங்கள். சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். எதில் முதலில் ஒழுகுகிறது, எதில் சாயம் கூட வருகிறது என்று பாருங்கள்.